உனக்கு நாட்டிய சுமைதாங்கி

மகளே,

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி பெஞ்சில், உன் தங்கையின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பையின் அடியில் கருங்கல் பொடி ஒட்டியிருக்கிறது. புதிதாகக் கொத்திய கல்லின் மணம். உன் கல்.

உனக்காக நான் நினைத்திருந்தது வேறு. நீ படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகங்கள். மேலே பித்தளைத் தகட்டில் பிழையில்லாமல் உன் பெயர். கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் வேறெப்படி நினைப்பேன்? "அம்மை சாமிக்கும் மார்க்கு போடுவா" என்று சிரிப்பாயே.

உன் அப்பாவின் தங்கை ஒப்பவில்லை. "வயித்துல பிள்ளையோட போனவளுக்குத் தகடா மைனி? சுமைதாங்கியாக்கும் நாட்டணும். போறவன் வாறவன் அதுல சுமை எறக்குனாத்தான் அவளுக்கு வயித்துப் பாரம் குறையும்."

"இப்பம் ஆரு தலையில சுமக்கா? மரச்சீனிக் கிழங்கும் ஆட்டோவிலல்லியா போவுது?"

"அப்பம் ஆட்டோக்காரன் எறங்கி வைக்கட்டும். பாரம் எறங்காதவ கூடப்பிறந்தவளைத் தேடி வருவா. இளையவளுக்கு இது ஏழாம் மாசமாக்கும்."

அதற்குமேல் நான் வாதாடவில்லை. குளத்தூருக்குத் திரும்பும் முக்கில் நாட்டினோம். இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு பலகைக்கல், தோளுயரம். சந்தைக்குப் போகிறவர்கள் மறுபக்கமாக ஒதுங்கி நடந்தார்கள். முதல் சுமையை வைக்க ஒருவருக்கும் துணிவில்லை.

இன்று காலை உன் தங்கையைப் பிரசவத்துக்காக அவள் புருஷன் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருந்தேன். அந்த முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், நான் தடுப்பதற்குள், பையைத் தூக்கிக் கல்லின்மேல் வைத்துவிட்டாள்.

"அக்காளுக்கு மொதல்ல நான்தான வைக்கணும்?"

தூணில் முதுகைச் சாய்த்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இப்பம் ஒரு கனமும் தெரியல்ல."

நீ போன அன்று காலை, கொடியில் துணி உலர்த்திக்கொண்டே, இதே சொற்களை நீ சொன்னாய். மத்தியானம் உன்னை இங்கேதான் கொண்டுவந்தோம். வீட்டுக்கு நீ நடந்து திரும்பவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் உன் தங்கை சண்டை பிடித்தாள். "அம்மைக்கு வெறுதே பயம். கல்லுல சாய்ஞ்சா சொகமாத்தான் இருக்கும்."

"பிள்ளை அனங்குதா, அசைவு தெரியுதா? அதைச் சொல்லு."

அவள் கையை வயிற்றில் வைத்தாள். ஆற்றுப்பாலம் தாண்டிய பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை; என் முகத்தையும் பார்க்கவில்லை.

அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். சற்றுமுன் நர்ஸ் எட்டிப் பார்த்து, "அம்மச்சி, ஆ பேக் தாழெ வச்சூடே?" என்று கேட்டாள்.

பையைக் கீழே வைக்கமாட்டேன் என்றேன். நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறேன். பை கனக்கிறது. கனக்கட்டும். உனக்கு இறக்கிவைக்க இன்னும் பாரம் உண்டென்றால் என் மடியில் இறக்கு, மக்கா. அவளிடம் போகாதே.