முத்திரையிட்ட கதவுக்குள் என் கோப்பு

நாக்ஸ்வில்,
11 மார்ச் 2019, திங்கள்

அன்புள்ள வெர்னா,

உன் இருமல் தணிந்ததா? நான் நலமே.

மார்ச் 4 அன்று, நான் செல்லும் வலி சிகிச்சை மையத்தின் உரிமத்தை மாநில அதிகாரிகள் ரத்து செய்து, கதவுக்கு முத்திரை வைத்துவிட்டனர். என் மருத்துவக் கோப்பு உள்ளே கிடக்கிறது. வேறொரு மையத்திற்குச் சென்றேன்; அங்கே பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டார்கள்.

“முதுகைப் பாத்தாலே தெரியுமேம்மா,” என்றேன்.

“முதுகுல டாக்டர் கையெழுத்து இருக்கா, பெரியவரே? ஆதாரமில்லாம மாத்திரை குடுத்தா எங்க உரிமமும் போயிடும். பழைய எக்ஸ்ரேயாவது கொண்டாங்க,” என்றாள் வரவேற்புப் பெண்.

மாத்திரை 16ஆம் தேதியுடன் தீர்கிறது. அதன்பின் நான் வேலை பார்க்கும் கிடங்கு வாசலில் காவல் நிற்க என்னால் இயலாது. 1987 அக்டோபர் 9 அன்று சுரங்கம் என்மேல் சரிந்தபோது எடுத்த எக்ஸ்ரே, அங்கே வீட்டு அலமாரியின் மேல்தட்டில் உள்ளது. தபாலில் அனுப்பாதே, நீயே எடுத்துக்கொண்டு வந்துவிடு. 15ஆம் தேதி வெள்ளியன்று பேருந்து நிலையத்தில் இருப்பேன். நின்றுகொண்டிருக்கவில்லையெனில், பெஞ்சுகளில் தேடு.

அவசரத்துடன்,
டெல்பர்ட்