படுதாவுக்குப் பின்னால் பாடிய அக்காவுக்கு

என் குரலாக இருந்த அமுதாக்கா,

வருகிற புரட்டாசியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. முதலில் வீட்டுச் செய்தி சொல்லிவிடுகிறேன். உன் மகள் கயலுக்கு நெடுங்காட்டுப் பள்ளிக்கூடத்திலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரைக்காலில் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நீ வைக்கிற மத்திக் குழம்பு எனக்கு வரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிடுகிறாள். உன் பெண் அல்லவா?

எதிர் வீட்டுச் சொல்தா ஐயாவை உனக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நம் ஊரில் சொல்தா என்றுதானே கூப்பிடுகிறோம். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. மனைவி இறந்த பிறகு தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஞாயிறு மத்தியானம் பழைய அமெரிக்கப் பாட்டுப் படங்களைப் பெரிய டிவியில் போட்டுவிட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் போகிறவர்கள் நானும் கயலும்தான். எனக்கு இங்கிலீஷ் புரியாது. ஆனால் பாட்டு புரியும், ஆட்டம் புரியும்.

போன மாதம் ஒரு படம் போட்டார். அதில் நடித்தவர்கள் எல்லோருமே கறுப்பினத்தவர்கள். கதாநாயகி என்ன அழகு என்கிறாய்! உன் நிறம், உன் நிமிர்வு. சிவப்புப் பாவாடையோடு அவள் நடந்து வந்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. பாட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தேன். என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"இந்தப் பொண்ணு பாடல."

கயல் திரும்பினாள். "எப்புடி சித்தி சொல்றீங்க?"

"மூச்சு எடுக்குற எடம் தப்பு. பாட்டு மேல போறப்ப கழுத்து நரம்பு பொடைக்கவே இல்ல பாரு."

சொல்தா ஐயா படத்தை நிறுத்திவிட்டார். "எத்தனையோ வருஷமா இந்தப் படத்தைப் பாக்குறேன். புஸ்தகத்துல படிச்சுத்தான் எனக்கே தெரியும். ஒரே பார்வையில சொல்லிட்டியேம்மா!" என்றார். நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்திருக்கப் பார்த்தேன். கயல் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

அவர் சொன்னதை உனக்கு அப்படியே சொல்கிறேன். "அந்தப் பொண்ணு நல்லாப் பாடும்மா. கிளப்புல பாடித்தான் பேரு வாங்கிச்சு. இந்தப் படத்துப் பாட்டுக்கு அந்தத் தொண்டை சரிப்படாதுன்னுட்டு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைப் பாட வெச்சாங்க. அதுவும் இந்தப் பொண்ணு பேசுற மாதிரியே கொரலை மாத்திக்கிட்டுப் பாடிச்சாம்."

"நம்ம சினிமாவுலயும் அப்படித்தானே தாத்தா? யாரோ பாடுவாங்க, யாரோ வாயசைப்பாங்க" என்றாள் கயல்.

"நம்ம ஊர்ல பாடினவங்க பேரை ரேடியோக்காரன் மொதல்ல சொல்லுவான்ல? அங்க அப்ப அதை மறைப்பாங்க. ஒரு படத்துல மூஞ்சி வெள்ளைக்காரிது, கொரலு கறுப்பினப் பொண்ணுது. பாட்டுக்குன்னு அவ பேரையே போடல. இன்னொரு பொம்பள, கறுப்பினந்தான், நாடகத்துல வருஷக்கணக்கா அவளே பாடின பாட்டு. அதைப் படமா எடுக்கறப்ப அவளையே நடிக்க வெச்சு, வேற ஆளு கொரலைப் போட்டாங்க."

இன்னொன்றும் சொன்னார். ஒரு பெரிய கறுப்பினப் பாடகியை எந்தப் படத்திலும் கதைக்குள் விடவே மாட்டார்களாம். தூணில் சாய்ந்து நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போய்விடுவாள். கறுப்பினத்தவரைத் திரையில் பார்க்கப் பிடிக்காத தென்பகுதி ஊர்களில் தியேட்டர்காரர்கள் அந்தப் பாட்டை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டுவார்கள். கதை குறையாது.

அதைக் கேட்டதும் உன் நினைவுதான் வந்தது, அக்கா. உன்னையும் அப்படித்தானே வைத்திருந்தோம்? எங்கோ அமெரிக்காவில் வெள்ளைக்காரன் செய்த அநியாயம் என்று கயல் கொதித்துக்கொண்டிருந்தாள். அதே அநியாயம் நாம் பிறந்த திருவேட்டக்குடியில், ஒரே அம்மா வயிற்றில் பிறந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் நடந்தது. எந்த வெள்ளைக்காரன் வந்து செய்தான்?

பத்திரிகையில் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது நம் பக்கத்தில் கல்யாண வரவேற்புகளில் பாடும் மெல்லிசைக் குழு ஒன்றில் நீ பாட ஆரம்பித்திருந்தாய். முதல் கச்சேரி முடிந்ததும் பெண் வீட்டுக்காரர், குழுவை நடத்திய மாஸ்டரிடம், "பாட்டெல்லாம் பிரமாதம். மேடைக்கு லட்சணமா ஒரு புள்ள கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் மாஸ்டர் நம் வீட்டுக்கு வந்தார். அமுதா பாடட்டும், வசந்தி நிற்கட்டும் என்றார். அப்பா வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா, "செவத்த புள்ள நின்னா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். நீ சிரித்துக்கொண்டே, "நீயே நில்லுடி. எனக்கு நின்னா காலு வலிக்கும்" என்றாய். நானும் அதை உண்மை என்று நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

எனக்கு அப்போது பதினேழு வயது. முன்னால் எனக்கு ஒரு மைக், அதில் சத்தம் வராது. பின்னால் படுதாவுக்கு அந்தப் பக்கம் உனக்கு ஒரு மைக். எந்த இடத்தில் வாயைத் திறப்பது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நீதான் வழி கண்டுபிடித்தாய். அப்பாவின் தூண்டில் பெட்டியிலிருந்து தங்கூசி எடுத்து வந்தாய். கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு. ஒரு முனை உன் விரலில், மறு முனை என் கால் கட்டைவிரலில். ஒரு இழுப்பு என்றால் வாயைத் திற. இரண்டு இழுப்பு என்றால் மூடு. கடல்காரன் பெண்களுக்குத்தான் இந்த யோசனை வரும் என்று மாஸ்டர் மெச்சிக்கொண்டார்.

நெரவியில் ஒரு கல்யாணம். உனக்கு நல்ல சளி. சரணத்துக்கு நடுவில் இருமிவிட்டாய். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நானும் இருமினேன். "பாவம், ஒடம்பு முடியாமயும் பாடுது பாரு" என்று ஒரு அம்மா ஓடிப்போய் மிளகுப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். மேடையிலேயே என் கையில் கொடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடான பால், நிறையப் பனங்கற்கண்டு போட்டிருந்தார். பூராவும் குடித்தேன். படுதாவுக்குப் பின்னால் நீ தொண்டையைச் செருமாமல் அடக்கிக்கொண்டு நின்றாய். வீட்டுக்கு வரும்போது, "நல்லா இருமுனடி, என்னைவிட நீதான் அசல்" என்று சொல்லிச் சிரித்தாய். இன்றும் யாராவது மிளகுப் பால் கொடுத்தால் எனக்கு இறங்குவதில்லை.

நீ என்னிடம் கேட்டது வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அம்மன் மேல் மாஸ்டர் எழுதிய பாட்டுகளை நீ பாடி கேசட் போட்டார்கள். அட்டையில் என் படம், என் பெயர். அதை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் நீ என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாய். "என் பேரையும் போடச் சொல்லேன்டி. சின்னதா ஒரு ஓரத்துல இருந்தாப் போதும்" என்றாய். "கேக்குறேங்க்கா" என்றேன்.

நான் கேட்கவே இல்லை, அக்கா. மாஸ்டர் மறுத்துவிட்டார் என்று உன்னிடம் பொய் சொன்னேன். என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் வந்தால், யார் எதைப் பாடியது என்று ஊர் கேட்கும் என்று பயந்தேன். உனக்கு அது தெரியுமா? மாஸ்டரே எப்போதாவது சொல்லிவிட்டாரா? தெரிந்தேதான் அத்தனை வருஷமும் எனக்குக் கருவாடு கொடுத்தனுப்பினாயா?

அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாடச் சொன்னபோது தொண்டை கட்டிவிட்டது என்றேன். முப்பத்தைந்து வருஷமாகத் தொண்டை கட்டியிருக்கும் பெண் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். நீ செய்ததுதான் தாங்க முடியவில்லை. நீ பாட்டையே நிறுத்திவிட்டாய். சமையற்கட்டில்கூட முணுமுணுக்க மாட்டாய். கயலைத் தூளியில் போட்டு ஆட்டியபோதும் சும்மாதான் ஆட்டினாய். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "பாடினா இது வசந்தி கொரலாச்சேன்னு சொல்லுவாங்கடி. அப்புறம் உன் பொழப்பு என்னா ஆவுறது?" என்றாய். அப்போதாவது நான் திருந்தியிருக்க வேண்டாமா? தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

அந்தக் கேசட்டை யாரோ இப்போது யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். அதே அட்டை, அதே என் படம். நீ படுத்த படுக்கையாக இருந்தபோது கயல் அதை உனக்குப் போட்டுக் காட்டினாளே, நினைவிருக்கிறதா? பக்கவாதம் வந்து உன் பேச்சு போய் மூன்றாவது வாரம். "சித்தி பாட்டும்மா, கேளு" என்று போனை உன் காதருகே வைத்தாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். பாட்டு ஆரம்பித்தது. என் உதடு தன்பாட்டுக்கு அசைந்தது. அந்தப் பாட்டைக் கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான். நீ என்னையே பார்த்தாய். அப்புறம் வேலை செய்கிற அந்த ஒரு கையால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய்.

ஒரே ஒரு இழுப்பு.

"அம்மாவுக்குத் தண்ணி வேணும்போல" என்று கயல் எழுந்து போனாள். அது கை நடுக்கமா, அக்கா? இல்லை, வாயைத் திற என்றாயா? எதுவானாலும் எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். எட்டு நாளில் நீ போய்விட்டாய்.

இப்போது சொல்தா ஐயா வீட்டுக் கதைக்குத் திரும்ப வருகிறேன். அன்றைக்குப் படம் முடிந்து தெருவைக் கடக்கும்போது கயல் சொன்னாள், "மறைச்சவங்களை விடுங்க சித்தி. அவங்க யாபாரம் பண்ணுனவங்க. முன்னால நின்னாளே ஒரு வெள்ளைக்காரி, அவளுக்குன்னு ஒரு வாய் இருந்துச்சுல்ல? காலம் போன அப்புறமாவது, இது அவ பாடினதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் அவள் போனில் உன் குரலைப் போட்டாள். வாட்ஸாப்பில் நீ அனுப்பியவை ஏழெட்டு இருக்கின்றன. "கயலு, மழ வருது, கொடியில துணி கெடக்கு." "கயலு, பஸ்ஸு ஏறிட்டியா?" கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரோட அம்மாவும் ஒரு தாலாட்டாவது பாடியிருப்பாங்க, சித்தி. எங்கம்மாவுக்குப் பாட்டுன்னாலே ஆவாது. டிவியில பாட்டு வந்தா எழுந்து போயிடுவாங்க. எம்மேல அவ்வளவு ஆசையா இருந்தவங்க, ஒரு வரிகூடப் பாடலையே" என்றாள். பிறகு, மனசு ஆறட்டும் என்று சொல்லி, அந்த அம்மன் பாட்டைப் போட்டுக்கொண்டு என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். "உங்க கொரலைக் கேட்டா ஏன்னே தெரியல சித்தி, அழுகை வருது" என்றாள்.

உன் மகள் உன் பாட்டைக் கேட்டு அழுகிறாள். அது உன் பாட்டென்று அவளுக்குத் தெரியாது. நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன ஜென்மம் நான்?

இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போகிறது. அச்சில் வந்து, பள்ளிக்கூடத்தில் யாரோ காட்டி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளை ஞாயிறு. பரணிலிருந்து பழைய டேப் ரிக்கார்டரை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்; நாடா சிக்காமல் ஓடுகிறது. கேசட் அட்டையை வெளியே எடுத்து, என் படத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, உன் பெயரை எழுதிவிட்டேன். சின்னதாக ஓரத்தில் இல்லை, அட்டை கொள்கிற அளவுக்குப் பெரிதாக. இதைப் பார்த்தபிறகு அவள் என் வீட்டுப் படி ஏறாமல் போகலாம். உன் பக்கத்தில் எனக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். பயமாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பாட்டு ஓடும்போது நாளைக்கு என் உதடு அசையாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசி வரி முடியட்டும்.

அன்றைக்கு நீ ஒரு தடவை இழுத்தாய், அக்கா. நாளைக்கு வாயைத் திறக்கிறேன்.

உன் பாட்டுக்கு வாயசைத்த தங்கை,
வசந்தி