ஜுமானா உடைத்த ஜாடி

அன்பு மகள் லுபாபாவுக்கு, அல்லாஹ்வின் கிருபை உன்மீதும் மருமகன்மீதும் பேரன்மீதும் இறங்கட்டும் என்று துஆச் செய்து, சிசிலித் தீவின் திராபனியிலிருந்து உம்மா எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதக் கை வரவில்லை. வாப்பாவுக்கு முட்டிவலி, எலுமிச்சை நன்றாகக் காய்த்திருக்கிறது, வரி கேட்பவர்களும் தவறாமல் வருகிறார்கள்.

உன் தம்பி மக்லூஃபைப் பற்றி யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். இங்கே பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்க முடியாது என்பது உனக்குத் தெரியும், கோபித்துக்கொண்டு வாசல் தாண்டினால் நேரே தேவாலயத்துக்குப் போகிறார்கள், ஞானஸ்நானம் என்று தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் முடிந்தது, மனம் மாறித் திரும்பி வந்தால் அரசனின் ஆட்களால் உயிருக்கே ஆபத்து. அதனால் பெற்ற பிள்ளைகளுக்கே கூழைக்கும்பிடு போட்டுக் காலம் தள்ளுகிறோம். நோன்பு நாளில் பட்டப்பகலில் துறைமுகத்து மதுக்கடையில் அவனைப் பார்த்த வாப்பா, தாங்க முடியாமல் ஓர் அறை விட்டார். "இனிமே நான் உங்க புள்ள இல்ல" என்று போனவன்தான். இப்போது அவன் பெயர் வேறு. சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், மெலிந்துபோய்விட்டான், அந்தப் பாவிக்கு யார் சமைத்துப் போடுகிறார்களோ.

ஹஜ் முடித்துத் திரும்பும் கப்பலொன்று காற்றுக்காக இங்கே நிற்கிறது. அதில் வந்த, நம்மவர்களே ஆளும் உங்கள் ஸப்தா ஊர்க்காரர் ஹாஜி ஈஸா நம் வீட்டில் விருந்துண்டார். பாங்குச் சத்தம் கேட்கிறது, கிறிஸ்தவ அரசனின் அரண்மனையில்கூட நம்மவர்கள் வேலை பார்க்கிறார்கள், "நீங்கள்லாம் குடுத்து வெச்சவங்க" என்றார். என் வாய் சும்மா இருக்குமா, "அப்ப இங்கயே தங்கிடுங்களேன்" என்றேன். மனிதர் அவசரமாக இன்னொரு ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து உன் தங்கை ஜுமானா எண்ணெய் ஜாடியைப் போட்டு உடைத்தாள். நானும் வாப்பாவும் பதறிப்போய்ச் சிரித்தோம், "போனா போகுது தங்கம்" என்றோம். "ஏன் இப்படிப் பயந்து சாகுறீங்க, ஒரு வார்த்தை திட்டித்தான் தொலைங்களேன்" என்று அவள் அழுதாள். ஹாஜியார் கையில் எடுத்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அவரோடு வந்திருக்கும் அவர் தம்பி மகனுக்கு அவளைக் கட்டிவைக்கும்படி வாப்பாதான் கேட்டார், பெண்ணுக்குத் தரும் மஹர் உங்கள் இஷ்டம், இங்கிருந்து கூட்டிப்போனால் போதும் என்று. நீயும் அப்படித்தானே கப்பலேறினாய். ஜுமானாவைக் கேட்டோம், "அக்கா இருக்கிற ஊருன்னா சரி" என்றாள். நேற்று நிகாஹ் முடிந்தது. பையன் நல்லவன் என்கிறார்கள், நான் அறிந்தது அவன் பசிக்குச் சாப்பிடும் பிள்ளை என்பது மட்டும்தான்.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவள் அவள்தான். கடலில் வயிறு புரட்டியிருக்கும், முதலில் எலுமிச்சைநீர் கொடு. எங்களைப் பார்க்க இரண்டு பேரும் வரவே வேண்டாம். தொழுகையை விடாதீர்கள், அல்லாஹ் உங்களைப் பிரிக்காமல் வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அவள் எதையாவது உடைத்தால் வாய் வலிக்கத் திட்டு. அங்கே கோபித்துக்கொண்டு வாசல் தாண்டினாலும், பசித்தால் உன்னிடம்தானே வருவாள்.

இப்படிக்கு,
உன் உம்மா ரைஹானா