பூக்கட்டிப் பார்க்காதவன்

சென்னை, 4-1-1979

மனைவி ரெங்கம்மாளுக்கு நல்லகாமன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் காவல் பார்க்கும் கல்லூரியில் ஒரு மனோதத்துவப் பேராசிரியர், மனநிறைவோடு இருப்பவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்கிறார். எங்களையும் கேட்டார். "எதுன்னாலும் எம் பொண்டாட்டி பிலோமினாளக் கேட்டுத்தான் சார் செய்வேன்" என்றான் சமையல்கார ராயப்பன். அவனைத் தட்டிக்கொடுத்தார். "நான் யாரையும் கேட்டதில்ல" என்றேன். "தனியாவா இருக்கீங்க?" என்றார். அன்றிலிருந்து ராயப்பன் விசிலடித்துத் திரிகிறான். அவன் குழம்பில் உப்பே இருக்காது.

நான் புறப்படும் முன் அலங்காநல்லூர் முனியாண்டி கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாய். வேண்டாம் என்றேன்; அது சரிதான். இப்போது பூக்கட்டிப் பார். பொங்கலுக்கு நான் வரலாமா என்று கேள். எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளைப்பூ வந்தால் வருகிறேன், சிவப்பு வந்தால் இங்கேயே இருக்கிறேன்.

மணியடிக்கிறது, கேட்டைத் திறக்க வேண்டும். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வை.

நல்லகாமன்