லேடீஸ் சீட்டில் நான் கேட்ட கேள்வி

பிரியமுள்ள சம்பத்து மாப்ளே,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். உன் கருமாதியன்று பந்தலில் அத்தனை பேர் முன்னால் மூக்கைச் சிந்திச் சிந்தி, "என் மாப்ள ஏற்காட்டு மலைமேல என்ன சொன்னான் தெரியுமா" என்று ஒரு கதை சொன்னேன். பெண்டுகள் எல்லாம் முந்தானையை எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் போனால், எங்கள் முதலாளியின் டிரைவர் காசி பக்கத்தில் வந்து நின்றான். "சார், அத சொன்னது அவர் இல்ல. நான்" என்றான்.

அன்றிலிருந்து எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன்னிடம் கேட்கலாம் என்றால் நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

உனக்கு நினைவிருக்கும். நாம் ஏற்காடு போய்ப் பத்து வருஷம் இருக்குமா? நானும் நீயும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. என் தங்கை விஜயாவை நீ கட்டிக்கொண்ட பிறகு, சபையில் "வாங்க மாப்ளே", தனியில் "வாடா". எட்டு வருஷம் ஆகியும் உங்களுக்குக் குழந்தை இல்லை. அப்போதுதான் ரேஷன் கடை வரிசையில் அம்மா காதில் அந்தச் சேதி விழுந்தது. உங்கள் வீட்டில் உனக்கு இரண்டாந்தாரமாகப் போளூர்ப் பக்கம் ஒரு பெண் பார்க்கிறார்கள் என்று.

விஜயா ஒரு வாரம் உப்பில்லாமல் குழம்பு வைத்தாள், நீயும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாயாம். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனை வாசனையிலேயே கண்டுபிடிக்கிற செக்கரான உனக்கு, குழம்பில் உப்பில்லாதது தெரியாதா?

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "எங்கனா வெளிய இட்டுனு போயி மனசுல என்ன இருக்குதுனு கேட்டுடுடா. வீட்ல வச்சுக் கேட்டா ரசாபாசமா பூடும்."

ஊரையே கிண்டல் செய்து பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்க நாக்கு எழவில்லை. நான் கணக்கெழுதும் கடலை மண்டி முதலாளியின் கார் சேலத்துக்குப் போவதாக இருந்தது. அப்படியே ஏற்காட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்று உன்னை ஏற்றிக்கொண்டேன். செங்கத்தில் கேட்கலாம் என்று நினைத்தேன், டீ குடித்தோம். அரூரில் கேட்கலாம் என்று நினைத்தேன், அங்கேயும் டீ குடித்தோம். சேலம் வந்தது, கேள்விதான் வரவில்லை.

மலையடிவாரத்தில் இஞ்சின் ஆறட்டும் என்று காசி காரை நிறுத்தினானே, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. மூன்று பேரும் இறங்கினோம். மூன்று பேரும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டோம். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். மலையையே சுற்றிவந்து கும்பிடுகிற நம்ம ஊர்க்காரனுக்கு மலை என்றால் சாமிதானே, அது ஏற்காடாக இருந்தால் என்ன, எந்தக் காடாக இருந்தால் என்ன. கும்பிட்டுவிட்டு வெறுங்காலோடு காரில் ஏறி, ஏரிக்கரையில் இறங்கிச் சில்லென்ற தரையில் கால் வைத்தபோதுதான் செருப்பு கீழேயே நிற்பது தெரிந்தது.

"மச்சான், நீ சாமி கும்பிட்டியா, இல்ல செருப்ப காணிக்கை போட்டியா?" என்றாய்.

"நீ மட்டும் என்னவாம்?"

"மூணு ஜோடி. அடிவாரத்துல எவனோ நம்ம பேர சொல்லி நல்லா இருப்பான், போ."

குளிர் ஜாஸ்தி. தெருவோரக் கடையில் மூன்று குரங்குக் குல்லா, மூன்று சால்வை வாங்கினோம். கடைக்காரனிடம் இருந்தது ஒரே நிறம், மூட்டைப்பூச்சி நிறம்.

லேடீஸ் சீட் என்கிற இடத்தில் நின்றால் சேலம் முழுக்கத் தெரியும் என்றார்கள். எனக்கு என் மூக்கே தெரியவில்லை. பனி அப்படி. நீ என் பக்கத்தில்தான் நின்றாய். குல்லாவும் சால்வையுமாக ஒரு மூட்டை போல நின்றாய். முகம் தெரியாத தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிற யோசனை ஏதாச்சும் இருக்குதா? மறைக்காம சொல்லிடு."

பல்லடிக்கும் சத்தத்தோடு குல்லாவுக்குள்ளிருந்து பதில் வந்தது: "ஒருத்தியே போதும். அவள விட்டா எனக்கு யாரு?"

நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

காசி சொல்வது இதுதான். கால் விறைக்கிறது என்று நீ டீக்கடைப் பக்கம் போய்விட்டாய். வெறுங்கால், அதனால் நீ போன சத்தமும் இல்லை, அவன் வந்து நின்ற சத்தமும் இல்லை. "சார் ஏன் திடீர்னு என் குடும்ப விஷயத்த கேக்கறாருனு நெனச்சேன். பல்லு ஆடிச்சு, சார்னு சொல்லக்கூட வாய் வரல" என்றான்.

நீ டீ கிளாசோடு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. "இன்னாடா கண்ணு கலங்கிக் கீது?" என்று கேட்டாய். "பனி" என்றேன். நீ எப்போது போனாய், எப்போது வந்தாய் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லையே.

ஊருக்கு வந்து அந்த வார்த்தையை வீட்டில் சொன்னேன். அம்மா தேங்காய் உடைத்தாள். விஜயா உள்ளே போய் வெகு நேரம் வரவில்லை. மறுநாள் குழம்பில் உப்பு இருந்தது. அப்புறம் அவள் உன்னிடம் சிரித்துப் பேசினாள், நீயும் பேசினாய். போளூர்ப் பெண்ணுக்கு அடுத்த வைகாசியில் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நீ வேண்டாம் என்றாயா, அவர்கள் வேண்டாம் என்றார்களா? அப்படி ஒரு பேச்சே இல்லையா? விஜயாவின் சிரிப்பைப் பார்த்துத்தான் தங்கிவிட்டாயா? இல்லை, போகிற எண்ணமே உனக்கு இருந்ததில்லையா? கேட்க வேண்டியவனை நான் கேட்கவே இல்லை, மாப்ளே. பத்து வருஷமாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே எல்லாரும் சுகம். எதிர்வீட்டில் டிவி வாங்கிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை பாதித் தெரு அங்கேதான். விஜயா போவதில்லை. துக்கம் கேட்க யார் வந்தாலும் உட்காரவைத்து, "எங்க அண்ணன்கிட்ட மலைமேல வச்சு சொன்னாராம், ஒருத்தியே போதும்னு" என்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும் நீ. நான் வெற்றிலை வாங்குகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

சொன்னால் அவளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? சொல்லாவிட்டால், காசியின் வார்த்தையை உன் வார்த்தை என்று நினைத்து ஒரு பெண்பிள்ளை காலம் தள்ளுகிறாளே, அது நியாயமா? நீயே சொல். ஒரு நாள் சரி என்று படுகிறது, மறுநாள் தப்பு என்று படுகிறது.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதைப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்ப்பதற்கு முன் விஜயாவிடம் நானே படித்துக் காட்டுவேன். அவள் போடு என்றால்தான் போடுவேன். இது அச்சில் வந்திருந்தால், அவள் கேட்டுவிட்டாள் என்று தெரிந்துகொள். பஸ்ஸில் ஓசியில் போனாலும் போவேனே தவிர, உனக்குக் கொடுத்த இந்த வாக்கைத் தவறமாட்டேன்.

உன்னை ஒரு கேள்வி கேட்கத் துணியாத
உன் மச்சான்,
ஏகாம்பரம்

பி.கு.: நேற்று இன்னொரு தரம் விசாரித்துவிடலாம் என்று கீழ்பென்னாத்தூரில் காசி வீட்டுக்குப் போனேன். காபியை ஒரு அம்மாள் கொண்டுவந்தாள், முறுக்கை இன்னொரு அம்மாள். "ரெண்டு பேரும் வீட்டுக்காரிங்கதான் சார்" என்றான். சின்னவளைக் கட்டியது எப்போது என்று கேட்டேன். நாம் ஏற்காடு போனதற்கு முந்தின ஆவணியிலாம். லேடீஸ் சீட்டில் நின்றபோதே அவனுக்கு இரண்டு பேர், மாப்ளே.