நுரை வராத மெஷின்

மார்ச் 3
காபி மெஷின் வந்து இறங்கிவிட்டது. மிக்ஸியை ஓரங்கட்டிவிட்டு சமையல் மேடையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. "அந்தக் காபிக் கடை நுரைக்காகத்தான் போறேன்" என்று வருஷக்கணக்காகச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். இனி நுரை வீட்டிலேயே. என்ன சாக்குச் சொல்கிறார், பார்க்கிறேன்.

மார்ச் 4
நுரை வரவில்லை. நீராவிக் குழாய் ஊரைக் கூட்டியது. பால் பொங்கியது. மேலே பேருக்கு நாலு குமிழி. இவர் ஒரு வாய் குடித்து, "பரவால்ல" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன்!

மார்ச் 6
தங்கையிடம் கேட்டேன். குழாய் நுனி பாலில் லேசாக முங்கினால் போதுமாம். முங்க வைத்தேன். மூக்குக்கண்ணாடியில் பால், சுவரில் பால், காலண்டரில் பால்.

மார்ச் 7
இன்று சீக்கிரமே வந்துவிட்டார், மெஷினைப் பார்க்க. "தள்ளு, நான் பாக்கறேன்" என்று குழாய்த் துளையில் ஊசி விட்டுக் குத்தினார். அடைத்திருந்த பால் உதிர்ந்தது. நுரை மட்டும் வரவில்லை. இருட்டும்வரை மேடையருகே நின்று பேசிக்கொண்டிருந்தோம். ஆபீஸில் அவருக்குப் புது மேலதிகாரி வந்திருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

மார்ச் 11
தினமும் ஆபீஸ் விட்டு நேரே வீட்டுக்கு வருகிறார். வேறு பாக்கெட் பால் வாங்கி வந்தார், காய்ச்சிக் கொடுத்தேன். ஜாடியை மாற்றினார். ம்ஹூம். அவர் மீசையில் பால் தெறித்ததைப் பார்த்து நான் சிரிக்க, அவரும் சிரித்துவிட்டார். இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாச்சு?

மார்ச் 13
கேஸ் தீர்ந்துவிட்டது. பாலைக் காய்ச்ச வழியில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஜில்லென்று அப்படியே ஊற்றினேன். நுரை! பஞ்சு மாதிரி, ஜாடி விளிம்புவரை! பச்சைப் பாலை எப்படிக் கொடுப்பது என்று காய்ச்சிக் காய்ச்சி நானே கெடுத்திருக்கிறேன். சூடான பால் உடனே பொங்கிவிடுகிறது, நுரைக்க ஏது நேரம்?

காரணத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ரசித்துக் குடித்து முடித்துவிட்டார். "கடையே தோத்துது போ" என்றார். கோப்பையை வைத்தார். செருப்பை மாட்டினார்.

எங்கே என்று கேட்டேன்.

"கடைக்குத்தான். நாலு பேரு இருப்பாங்க, பேசிட்டு வரேன்."

அப்போ நுரைக்காகப் போகவில்லையா? இங்கே நான் ஒருத்தி இருக்கேனே, நான் ஆள் இல்லையா? அழுகை வந்தது. நுரை நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 16
கேஸ் வந்தது.

மார்ச் 17
பாலை நன்றாகப் பொங்கவிட்டு, ஆவி பறக்க ஜாடியில் ஊற்றி வைத்தேன். குழாய் கத்தியது. கிளம்பிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, மறுபடியும் வரலையா?"

"வரலைங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஊசியை எடுத்துக் கொடுத்தேன்.