இறந்த லஸ்கருக்குப் பாராட்டு, அவர் மகளுக்கு மெமோ

அனுப்புநர்:
அ. பிரதீபா, பி.எஸ்சி.,
த/பெ. (காலஞ்சென்ற) அய்யாக்கண்ணு, மதகு லஸ்கர்,
வாய்க்கால் கரைத் தெரு, கீழச்செங்கழுனி,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்புப் பொறியாளர் அவர்கள்,
ஆலங்கோட்டம் பாசன வட்டம்.

பொருள்: கருணை அடிப்படையில் பணி நியமனம் கோரியது – என் தந்தை இறந்துவிட்டதை அலுவலகம் ஏற்றுக்கொள்ள வேண்டுவது – எனக்கு வந்த குறிப்பாணையில் உள்ள இரண்டு குற்றச்சாட்டுகளில் ஏதேனும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளக் கோருவது – தொடர்பாக.

பார்வை:
1. எனது விண்ணப்பம், நாள் 11.01.2021.
2. காலியிடம் இல்லை என்ற பதில், நாள் 08.09.2022.
3. என் தந்தையை நேரில் வரச் சொல்லி அவர் பெயருக்கே வந்த கடிதம், நாள் 19.03.2024.
4. எனக்கு வந்த குறிப்பாணை, நாள் 07.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

செங்கழுனி வாய்க்கால் தலைப்பு மதகிலிருந்து வணக்கம். இதைக் கடைசி வரை படிக்க வேண்டுகிறேன். கோபத்தில் எழுதிய நான்கு மனுக்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது ஐந்தாவது.

1. என் தந்தை அய்யாக்கண்ணு மேற்படி மதகில் இருபத்தாறு ஆண்டுகள் லஸ்கராக இருந்தார். ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் பிரியும் இடத்தில் மூன்று ஷட்டர்களை ஏற்றி இறக்குவதும், காலையும் மாலையும் நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் அவர் வேலை. 03.11.2020 மாலை வாய்க்கால் கரையிலேயே நெஞ்சுவலி வந்து இறந்தார். மறுநாள் காலை அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. நான் எடுத்தேன். உதவிப் பொறியாளர் திரு. ரஞ்சித் பேசினார். மேலே நல்ல மழை, இரண்டாவது ஷட்டரை உடனே இறக்க வேண்டும் என்றார். அப்பா இறந்துவிட்டார் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயோ, கேக்கவே மனசு கஷ்டமா இருக்கும்மா. மூணாவதையும் கொஞ்சம் இறக்கணும். வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

வேறு யாராவது என்றால் நான்தான். வீட்டுக்கு ஒரே பிள்ளை. பாடை கட்டி முடிப்பதற்குள் ஓடிப்போய் இரண்டையும் இறக்கிவிட்டு வந்தேன். அன்று தொட்ட ஷட்டரை இன்றுவரை நான்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

2. முதல் வாரம் பதிவேட்டில் என் பெயரைத்தான் எழுதினேன். 'யார் இவர்?' என்று சிவப்பு மையில் கேள்வியோடு பக்கம் திரும்பி வந்தது. திரு. ரஞ்சித் நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். "உங்கப்பா பேர்லயே போடும்மா, அதான் ரெக்கார்டுல இருக்கு. ஆர்டர் வந்ததும் மாத்திக்கலாம்" என்று வழி சொன்னார். அப்படியே போட்டேன். ஆகவே அரசுப் பதிவேட்டின்படி என் தந்தை இறந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. உயிரோடு இருந்தவரை தீபாவளிக்கு மறுநாள் மதகுப் பக்கமே போகமாட்டார். அவருக்கு நாங்கள் முதல் வருடத் திதி கொடுத்த அன்று காலை ஆறு மணிக்கு வந்து, நீர்மட்டம் நான்கடி இரண்டங்குலம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். என் அப்பா செத்தும் வேலைக்கு வந்தார்.

3. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கேட்டு 11.01.2021 அன்று விண்ணப்பித்தேன். இருபது மாதம் கழித்து, 'மேற்படி மதகில் பணிகள் எவ்விதத் தொய்வுமின்றி நடைபெற்று வருவதால் காலியிடம் ஏதும் எழவில்லை' என்று பதில் வந்தது. தொய்வில்லாமல் செய்தது என் குற்றம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

4. 26.01.2024 அன்று நடந்த விழாவில் சிறந்த களப்பணியாளர் என்று என் தந்தைக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளாக விடுப்பே இல்லை, ஒரு புகாரும் இல்லை என்பது காரணம். மைக்கில் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது என் தாயார் தனபாக்கியம் எழுந்து போய் வாங்கிக்கொண்டார். "இருக்கறப்ப ஒரு டீ வாங்கிக் குடுக்கல. போனப்புறம் சால்வை போத்துறாங்க பாரு" என்று மேடையிலிருந்து இறங்கும்போது என்னிடம் சொன்னார். ஆனால் அந்தச் சால்வையை இன்றுவரை யாரையும் தொட விடுவதில்லை. நானும் அன்று அழுதேன். அது என் உழைப்பு என்பதற்காக அல்ல. அப்பாவின் பெயரை அவ்வளவு மரியாதையாக ஒருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

5. அந்தச் சான்றிதழே எனக்கு வினையாயிற்று. பார்வை 3இல் கண்ட கடிதம் 'திரு. அய்யாக்கண்ணு அவர்களுக்கு' என்று வந்தது. 'தாங்கள் 2020ஆம் ஆண்டு இறந்துவிட்டதாகத் தங்கள் மகள் மனு அளித்துள்ளார். தாங்களோ 2024ஆம் ஆண்டு பாராட்டுச் சான்றிதழ் பெற்றுள்ளீர்கள். இம்முரண்பாடு குறித்துப் பதினைந்து நாட்களுக்குள் நேரில் ஆஜராகி விளக்கமளிக்க வேண்டும். தவறினால் தங்கள் மகளின் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட மாட்டாது' என்று இருந்தது. என் தாயார் அதை அப்பா படத்துக்கு முன்னால் வைத்து, "உங்களுக்குத்தான் வந்துருக்கு, நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

அப்பாவால் போக முடியாத காரணத்தால் இறப்புச் சான்றிதழோடு நான் போனேன். பிரிவு அலுவலகக் கண்காணிப்பாளர் திருமதி குந்தவை என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "பிரதீபா, உங்கப்பா செத்தது எனக்குத் தெரியாதா? ஆபீஸ் சார்பா மாலை போட்டவளே நான்தானே. ஆனா ஃபைல்ல அவரு இன்னும் சாகலையேம்மா" என்றார். என் தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறதே என்று கேட்டேன். அது வேறு பிரிவு என்றார். ஐயா, ஓய்வூதியப் பிரிவில் என் தந்தை இறந்துவிட்டார். மதகுப் பிரிவில் நல்ல சுகத்தோடு இருக்கிறார். நடுவில் கிடந்து அல்லாடுவது நான்.

6. காலியிடம் உண்டு என்று காட்ட ஒரே வழி வேலையை நிறுத்துவதுதான் என்று அலுவலகத்திலேயே சிலர் சொன்னார்கள். ஓராண்டுக்கு மேல் எனக்கு மனம் வரவில்லை. கடந்த 28.07.2025, 29.07.2025 ஆகிய இரண்டு நாட்கள் நான் மதகுக்குப் போகவில்லை. இரண்டு நாளும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடியிருந்த ஷட்டரைத் திறக்க ஆளில்லாமல் வாய்க்கால் வறண்டது. இரண்டாம் நாள் மாலை கடைமடை விவசாயி திரு. செல்லதுரை பத்துப் பேரோடு வந்தார். அலுவலகத்துக்குப் போவார் என்று பார்த்தால் என் வாசலுக்கு வந்தார். "ஏம்மா, வேலைக்குச் சேந்தவங்க லீவு போடுறத பாத்துருக்கேன். சேர்றதுக்கு முன்னாடியே லீவு போடுறியே, இது என்னம்மா நியாயம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் போய்த் திறந்துவிட்டேன்.

7. அதற்குள் திரு. செல்லதுரை புகார் கொடுத்துவிட்டார். இப்போதாவது காலியிடம் கண்ணில் படும் என்று நம்பினேன். பட்டது நான்தான். பார்வை 4இல் கண்ட குறிப்பாணை என் பெயருக்கு வந்தது. அதில் உள்ள குற்றச்சாட்டுகள்:

(அ) 28, 29 தேதிகளில் முன்அனுமதியின்றிப் பணிக்கு வராமல் பாசனத்துக்கு இடையூறு விளைவித்தது.

(ஆ) அரசுப் பணியாளர் அல்லாத நிலையில் கடந்த ஐந்து ஆண்டுகளாக அரசு மதகை இயக்கி வந்தது.

இனி ஒருமுறை ஷட்டரைத் தொட்டால் என் விண்ணப்பம் நிரந்தரமாகத் தள்ளுபடி செய்யப்படும், காவல் நிலையத்திலும் புகார் அளிக்கப்படும் என்று கடைசி வரியில் எச்சரித்துள்ளார்கள். கருணை நியமனக் குழு வரும் 29.08.2025 அன்று கூடுகிறது. இதில் என் பெயர் போகாவிட்டால் கோப்பை முடித்துவிடுவார்களாம். ஐந்து ஆண்டுகளாக வேறு வேலைக்கும் போகவில்லை. திருவாரூரில் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளர் வேலை வந்தது. மதகை யார் பார்ப்பது என்று விட்டுவிட்டேன். அது என் முட்டாள்தனம், அதற்கு அலுவலகம் பொறுப்பல்ல.

8. ஐயா அவர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. இரண்டில் எந்தக் குற்றச்சாட்டை வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம். (அ) உண்மையென்றால் நான் பணியாளர், நியமன ஆணையைத் தாருங்கள். (ஆ) உண்மையென்றால் லஸ்கர் பணியிடம் ஐந்து ஆண்டுகளாகக் காலி, அப்போதும் நியமன ஆணையைத் தாருங்கள். இரண்டும் உண்மை என்று மட்டும் சொல்லாதீர்கள். செய்த வேலைக்குப் பழைய சம்பளம் எதுவும் நான் கேட்கவில்லை. என் தந்தை இறந்துவிட்டார் என்று கோப்பில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவர் இனியாவது ஓய்வெடுக்கட்டும்.

9. மனு இத்தோடு முடிந்திருக்க வேண்டும். இன்று காலை ஒன்பதரை மணிக்கு மேற்படி 8ஆம் பத்தியை எழுதி முடித்தபோது திரு. ரஞ்சித் போன் செய்தார். எங்கள் வாய்க்காலுக்கு முறை வந்துவிட்டது, கடைமடையில் குறுவை பால் பிடிக்கும் நேரம், இன்றே தண்ணீர் போகாவிட்டால் பதராகிவிடும் என்றார். குறிப்பாணையை நினைவுபடுத்தினேன். "தெரியும்மா. எனக்கு வேற ஆள் இல்லையே. நான் சொன்னேன்னு மட்டும் எழுதிடாத" என்றார். அவர் சொன்னதாக எழுதவில்லை. நானாகத்தான் போனேன். அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

10.20க்கு முதல் இரண்டு ஷட்டர்களையும் ஒன்றரை அடி ஏற்றினேன். எச்சரிக்கைக்குப் பிறகு தெரிந்தே செய்த குற்றம் இது, ஒப்புக்கொள்கிறேன். இதை மறைத்து மனுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. 29ஆம் தேதி குழுவின் முன் என் விண்ணப்பத்தோடு இதையும் வையுங்கள். ஆணை தந்தால் இதை வேலையாகச் செய்வேன். தராவிட்டால் குற்றமாகச் செய்துகொண்டிருப்பேன். தண்ணீர் வந்து நிற்கும்போது திறக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை, ஐயா. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

இடம்: கீழச்செங்கழுனி
நாள்: 21.08.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) அ. பிரதீபா